டார்க் ரூமில் இரண்டு என்சைம்கள்

1. இருட்டு கேட்டு வந்தவர்

எக்ஸ்ரே டார்க் ரூமில் ஒரு சட்டம் உண்டு. வாசலுக்கு மேலே சிவப்பு பல்பு எரிந்தால் யாரும் கதவைத் தட்டக் கூடாது. தட்டினால் உள்ளே இருப்பவர் பதறுவார். பதறினால் பிலிம் கெடும். எண்பதுகளின் கடைசியில் ஒரு முற்பகல், பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே எங்கள் கதவு படபடவென்று தட்டப்பட்டது.

"உள்ள யாரு? எனக்குக் கொஞ்சம் இருட்டு வேணும்!"

நான் டெவலப்பர் தொட்டியில் ஒரு மார்பு எக்ஸ்ரேயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதில் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எப்போதுமே அப்படித்தான். மதுரை காளவாசலில் இருந்த அந்த நர்சிங் ஹோமில் பத்தாவது முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்தபோது, ஊசி போடும் இடம், சீட்டு கொடுக்கும் இடம் என்று எதையும் நான் கேட்கவில்லை. யார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டாத வேலை டார்க் ரூம் வேலைதான் என்று அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எக்ஸ்ரே எடுப்பவர் பாண்டி அண்ணன். அவர் அடுத்த அறையிலிருந்து கத்தினார்.

"மேடம், உள்ள இருக்கிறது பேச்சியம்மா. பேருதான் பேச்சி. வாயத் தொறந்தா முத்து கொட்டிப்போகும்னு மூடியே வச்சிருக்கும். நீங்களா உள்ள போயிக்கங்க. ஆனா பிலிம ஹைப்போவுல போடுற வரைக்கும் பொறுங்க, அதுக்கப்புறம் வெளிச்சம் பட்டாலும் கெடாது!"

வந்தவர் நூர்ஜகான் மேடம். லேபுக்குப் புதிதாக வந்த பயோகெமிஸ்ட். மதுரை டவுனுக்குள் பிறந்து வளர்ந்து, பம்பாயில் ரேடியோ ஐசோடோப் வைத்துச் செய்யும் ரத்தப் பரிசோதனைகளைப் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். கையில் ஒரு டிரே, அதன் மேல் கறுப்புத் துணி.

"அந்தச் சிவப்பு லைட்டையும் அணைச்சிரு பேச்சி" என்றார். அணைத்தேன். அப்படி ஓர் இருட்டில் இரண்டு பேர் நின்றால் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். கொஞ்ச நேரம் கண் பழக விட்டார். பிறகு ஒரு சொட்டு விழும் சத்தம்.

நீலம்!

கண்ணாடிக் குழாய்க்குள் நீல வெளிச்சம் மேலிருந்து கீழாக இறங்கியது. நெருப்பு இல்லை, கரண்ட் இல்லை, சூடும் இல்லை. அந்த வெளிச்சத்தில் மேடத்தின் விரல்கள் தெரிந்தன; அவர் மூக்குத்தி தெரிந்தது. நான் "அம்மாடி!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். வெளியிலிருந்து பாண்டி அண்ணன், "என்னா, பேச்சி பேசிருச்சா?" என்றது கேட்டது.

அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

2. மாட்டுக்கு மணி

மேடம் எதற்காக இருட்டைத் தேடி வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் நர்சிங் ஹோமில் சிறிய ரத்த வங்கி ஒன்று இருந்தது. செல்லூர்த் தறிக்காரர் ஒருவர், வயிற்று ஆபரேஷனுக்கு எங்களிடம் ரத்தம் ஏற்றிக்கொண்டு நல்லபடியாக வீடு போனவர், சில மாதம் கழித்து மஞ்சள் பூத்த கண்ணோடு திரும்பி வந்தார். பி வகைக் காமாலை. ரத்தம் கொடுத்தவரின் உடம்பில் இருந்த கிருமி இவருக்கு வந்திருக்க வேண்டும் என்று மேடம் சொன்னார். பரிசோதிக்க வேண்டுமென்றால் மெட்ராசுக்கு அனுப்ப வேண்டும். பதில் வருவதற்குள் அந்த ரத்தம் யார் உடம்பிலாவது ஓடிக்கொண்டிருக்கும். பம்பாயில் படித்த ஐசோடோப் முறைக்கு அனுமதி வேண்டும், பெரிய கவுன்ட்டர் மெஷின் வேண்டும். இரண்டும் எங்களுக்கு எட்டாதவை.

அதனால்தான் வெளிச்சம்.

எனக்குப் புரியும்படி அவர் சொன்ன விதம் இது: "காட்டுக்குள்ள மேயுற மாடு கண்ணுக்குத் தெரியாது. கழுத்துல மணி கட்டிவிட்டா சத்தத்த வச்சுக் கண்டுபிடிச்சிருவோம்ல? கிருமியும் கண்ணுக்குத் தெரியாது. அதைத் தேடிப் போய் ஒட்டிக்கிற ஒரு ஆன்டிபாடி இருக்கு. அந்த ஆன்டிபாடி கழுத்துல ஒரு என்சைமக் கட்டிவிடுறோம். ஒட்டாததெல்லாம் கழுவிவிட்டதுக்கு அப்புறம் வெளிச்சம் தர்ற தண்ணிய ஊத்துறோம். ஒவ்வொரு ரத்தமும் தட்டுல ஒரு குழியில இருக்கும்; கிருமி இருக்கிற குழியில மட்டும் என்சைம் நிக்கும். அங்க மட்டும் வெளிச்சம் வரும்."

"வெளிச்சத்த எதுல அளக்கிறது மேடம்?"

"அதுக்குத்தான் உங்கிட்ட வந்தேன். மெஷின் இல்ல. உங்க எக்ஸ்ரே பிலிமுல அளப்போம். வெளிச்சம் பட்ட இடம் கறுக்கும்ல?"

எக்ஸ்ரே பிலிம் நீல வெளிச்சத்துக்கு நன்றாகக் கறுக்கும். சிவப்புக்குக் கறுக்காது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தினமும் நான் கழுவும் பிலிமில் கண்ணுக்குத் தெரியாத கிருமி புள்ளியாக விழப்போகிறது!

எந்த மணியைக் கட்டுவது என்பதுதான் கேள்வி. மேடத்திடம் இரண்டு என்சைம்கள் சாம்பிளாக வந்திருந்தன. இரண்டும் ஆன்டிபாடியோடு கட்டப்பட்டவை, ஆளுக்கொரு சின்னக் குப்பியில். ஒன்று பெராக்ஸிடேஸ். லூமினாலும் பெராக்ஸைடும் ஊற்றினால் உடனே எரியும். நான் குழாயில் பார்த்தது அதைத்தான். இன்னொன்று ஆல்கலைன் பாஸ்பட்டேஸ். அதற்கு வேறு ஒரு திரவம் வேண்டும்; வெளிநாட்டில் இருந்த அவர் தோழி கொஞ்சமாக அனுப்பியிருந்தார். அது மெதுவாக ஏறி, நெடுநேரம் நின்று எரியும் என்றார்.

பெரிய டாக்டர், அதாவது நர்சிங் ஹோம் முதலாளி, உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது.

"இங்க பாரும்மா நூர்ஜகான். ஸ்கேன் மெஷின் வருது. அதுக்கு உன் லேப் ரூமுதான் தோது. சித்திரைத் திருவிழா முடியட்டும். அதுக்குள்ள எந்த என்சைம்னு முடிவு பண்ணி, டெஸ்ட்ட எனக்குச் செஞ்சு காமிச்சா ரூமு உனக்கு. வெளிநாட்டுல இருந்து சாமான் ஒரு தடவைதான் வரவழைப்பேன். தப்பானதச் சொல்லிட்டு அப்பறம் மாத்திக் கேக்கக் கூடாது. காமிக்க முடியலன்னா ரூமு ஸ்கேனுக்கு."

"சரி சார்" என்றார் மேடம். வெளியே வந்து என் கையைப் பிடித்தார்.

3. வெறும் பிலிம்

எக்ஸ்ரே பிலிம் பெட்டிக்குள் ஒவ்வொரு பிலிமுக்கும் இடையில் கறுப்புக் காகிதம் வரும். அதை வட்ட வட்டமாக வெட்டி, பிளாஸ்டிக் தட்டின் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் கழுத்துப்பட்டை மாதிரி செருகினேன். ஒரு குழியின் வெளிச்சம் பக்கத்துக் குழியைத் தொடக் கூடாது என்பதற்காக. தட்டுக்கு அடியில் பிலிம். மெட்ராசில் ஏற்கெனவே பரிசோதித்து, கிருமி உண்டு என்று தெரிந்த ரத்தமும் இல்லை என்று தெரிந்த ரத்தமும் குழிகளில்.

முதல் நாள் பெராக்ஸிடேஸ். பிலிமை டெவலப்பரில் போட்டு ஆட்டினேன். ஆட்டினேன். மேடம் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை. ஹைப்போவில் முக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது.

பாண்டி அண்ணன் அதை வாங்கி விளக்குப் பெட்டியில் மாட்டி, ரொம்பத் தீவிரமாகப் பார்த்தார்.

"எலும்பு முறிவு ஒண்ணும் இல்ல மேடம். கூட்டிட்டுப் போகலாம்."

மேடமும் சிரித்துவிட்டார். ஆனால் மறுநாளும் அப்படியே. அதற்கடுத்தும் அப்படியே. குழாயில் அப்படிக் கொழுந்துவிட்டு எரிந்த என்சைம் குழிக்குள் போனதும் ஊமையாகிவிட்டது. "வர்ற வழியில வெயில்ல கெட்டிருக்கும்" என்றார். உடனே குப்பியிலிருந்து ஒரு துளி எடுத்து வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரில் விட்டுப் பார்த்தால் ஜோராக எரியும். கெடவில்லை! அப்புறம் ஏன்?

பாஸ்பட்டேஸ் போட்டோம். அது நெடுநேரம் எடுத்தது. ஆனால் ஏதோ கொடுத்தது. பிலிமில் கிருமி உள்ள குழிகளுக்கு நேரே சாம்பல் நிறத்தில் மங்கிய வட்டங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரியும்.

பெரிய டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "மங்கலா இருந்தாலும் தெரியுதுல்ல? அதையே வாங்கிருவோம்" என்றார்.

"கிருமி நெறைய இருக்கிற ரத்தத்துக்கே இம்புட்டுத்தான் தெரியுது சார். கொஞ்சமா இருந்தா தப்பிச்சிரும்."

"ஒண்ணு சுத்தமாத் தெரியல. இன்னொண்ணு மங்கலாத் தெரியுது. இதுல யோசிக்கிறதுக்கு என்னம்மா இருக்கு? திருவிழா முடிஞ்ச கையோட ஆர்டர் போயிரும்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. பார்த்ததை வைத்து யாராக இருந்தாலும் பாஸ்பட்டேஸைத்தான் சொல்வார்கள். மேடமும் கடைசியில் தலையாட்டிவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் கொண்டுவந்த சாப்பாட்டை எடுக்கவே இல்லை.

4. உப்பு போடாத மோர்

எங்கள் லேபில் ஒரு பழக்கம். குழிகளைக் கழுவும் உப்புத் தண்ணீரை, அதாவது பஃபரை, குழாய் வைத்த பெரிய வெள்ளை கேனில் மொத்தமாகக் கலந்து வைப்போம். மதுரை வெயிலில் அது சீக்கிரம் பூசணம் பிடிக்கும். பிடிக்காமல் இருக்க சோடியம் அசைடு என்று ஒரு வெள்ளைப் பொடியைப் போடுவோம். பம்பாயில் ஐசோடோப் லேபில் எல்லா பாட்டிலிலும் போடுவார்களாம். மேடத்துக்கு அங்கே பழகிய கை. நாங்களும் ஊறுகாய்க்கு உப்புப் போடுவதுபோல அதைப் பழகிக்கொண்டோம். அது விஷம், தொட்டால் கை கழுவ வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். ஆனால் கேன் மேல் எதுவும் எழுதவில்லை. லேபுக்குள் இருப்பது லேபுக்குள்தானே இருக்கும் என்று எல்லோரும் நினைத்தோம்.

திருவிழா வந்தது. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க மேற்குப் பக்கத்து ஊர் ஜனமெல்லாம் காளவாசல் வழியாகத்தான் டவுனுக்குப் போகும். வருஷா வருஷம் நர்சிங் ஹோம் வாசலில் நீர்மோர்ப் பந்தல் போடுவோம். பொறுப்பு பாண்டி அண்ணனுடையது. அந்த நாட்களில் அவர் எக்ஸ்ரே எடுப்பதைவிட மோர் கலப்பதில்தான் கவனமாக இருப்பார்.

அன்று முற்பகல் நான் குழி கழுவப் போனேன். மேஜையில் கேன் இருந்த இடம் காலியாக இருந்தது.

வாட்ச்மேனைக் கேட்டேன். "பாண்டிதான் தூக்கிட்டுப் போச்சு. ஆத்துக்குப் போற ஜனத்துக்குக் கார்ப்பரேசன் தண்ணியவா கொடுக்கிறது, லேபு டாக்டரம்மா காய்ச்சி வச்ச நல்ல தண்ணி இருக்குன்னு சொல்லிட்டு எடுத்துட்டுப் போகுது."

அதற்குப் பிறகு நான் ஓடியது எனக்கே ஞாபகம் இல்லை. செருப்பு எங்கே போனது என்று தெரியாது. வாசலில் பந்தல். பந்தலுக்கு முன்னால் வரிசை. வேர்த்து வழியும் ஜனம், இடுப்பில் குழந்தைகள், மொட்டை போட்ட தலைகள். மேஜை மேல் எங்கள் வெள்ளை கேன். அதற்குள் மோர், கறிவேப்பிலை, இஞ்சி. பாண்டி அண்ணன் உள்ளங்கையில் ஊற்றி ருசி பார்த்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வரிசையைப் பார்த்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னும் உப்பே போடல, அதுக்குள்ள உப்பு கணக்கா இருக்கு! எல்லாம் அழகர் கிருபை. ஆத்தா, மொத தம்ளர் உனக்குத்தேன், பிடி!"

"குடிக்காதீகளேய்!"

அது என் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. தெருவே திரும்பிப் பார்த்தது. தம்ளரை வாய்க்குக் கொண்டுபோன அந்த அம்மா அப்படியே நின்றார்.

"குடிக்காதீக! விசம்! அது விசம்! கீழ ஊத்துங்க!"

பாண்டி அண்ணன், "ஏய், என்னா புள்ள, சாமி காரியத்துல..." என்று தொடங்குவதற்குள் நான் அந்த அம்மாவின் கையிலிருந்த தம்ளரைத் தட்டிவிட்டேன். கேனை இரண்டு கையாலும் தள்ளினேன். மோர் சாக்கடையில் ஓடியது. கூட்டத்தில் ஒருவர், "பைத்தியமா ஆத்தா நீயி? தாகத்துக்கு வந்த ஜனத்துக்கு..." என்று கை ஓங்கிக்கொண்டு வந்தார். நான் நகரவில்லை. பாண்டி அண்ணனின் கையைப் பிடித்தேன்.

"அண்ணே, நீங்க குடிச்சீகளா? சொல்லுங்கண்ணே!"

"ருசி பாத்தேன். ஒரு மடக்கு. எதுக்கு இப்படி..." சொல்லிக்கொண்டே அவர் நெற்றியைப் பிடித்தார். "தலைய என்னமோ செய்யுது தங்கச்சி. கிறுகிறுங்குது."

5. பாதியில் நின்ற பேச்சு

நல்லவேளை, மருத்துவமனை வாசலில் நடந்தது. வேறு யாரும் குடிக்கவில்லை. பாண்டி அண்ணனைப் படுக்க வைத்து டிரிப் ஏற்றினார்கள். பிரஷர் இறங்கியிருந்தது, நெஞ்சு படபடத்தது, தலைவலி. குடித்தது ஒரு மடக்குத்தான் என்பதால் பயப்பட வேண்டாம் என்று டியூட்டி டாக்டர் சொன்னாலும், பக்கத்தை விட்டு நகரவில்லை.

நூர்ஜகான் மேடம் ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"யா அல்லா, கேன் மேல எழுதி வைக்காதது என் தப்பு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். டியூட்டி டாக்டர், "இந்த அசைடு உடம்புல என்ன மேடம் பண்ணும்? நான் இந்தக் கேஸ் பார்த்ததே இல்ல" என்று கேட்டார்.

"சயனைடு மாதிரிதான் டாக்டர். செல்லுக்குள்ள ஆக்ஸிஜன உபயோகப்படுத்துற என்சைம் இருக்குல்ல, அதுல ஒரு இரும்பு இருக்கும். அசைடு நேராப் போயி அந்த இரும்புல உக்காந்துக்கும். உக்காந்துட்டா அந்த என்சைம் வேலையே..."

பேச்சு நின்றது.

வாய் திறந்தபடி இருந்தது. டாக்டர், "சொல்லுங்க மேடம்" என்றார். மேடம் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"பேச்சி. பெராக்ஸிடேஸுலயும் இரும்பு இருக்கு."

எனக்கு உடனே புரியவில்லை. அவர் என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார்.

"பெராக்ஸிடேஸுலயும் அதே இரும்புதான்! நாம குழியக் கழுவுற தண்ணி முழுக்க அசைடு! கட்டுன மணியோட நாக்க நாமளே அறுத்துட்டுச் சத்தம் வரலன்னு நின்னுருக்கோம்! ஐசோடோப்புல என்சைம் கிடையாது, அசைடு ஒண்ணும் பண்ணாது. அந்தப் பழக்கத்த அப்படியே இங்க கொண்டாந்துட்டேன். பாஸ்பட்டேஸுல இரும்பு இல்ல, அதனாலதான் அது தப்பிச்சிருக்கு!"

கட்டிலில் இருந்து பாண்டி அண்ணன் மெல்லிய குரலில் கேட்டார்: "மேடம், நான் பொழைப்பேனா, அதச் சொல்லுங்க மொதல்ல."

"பொழைப்பீங்க அண்ணே! பொழைப்பீங்க! இன்னும் நெறைய மோர் குடிப்பீங்க!"

"இனி மோர மோந்துகூடப் பாக்க மாட்டேன்" என்றார் அவர். சாயங்காலத்துக்குள் பிரஷர் சரியாகி, காபி கேட்டார்.

6. இரண்டும் எரிந்தன

மறுநாள் அசைடு டப்பாவை மேடம் பூட்டி, லேபிலிருந்து வெளியேற்றினார். புதுக் கேன், புது உப்பு, புதுத் தண்ணீர். அசைடு இல்லாத பஃபரில் பெராக்ஸிடேஸ் தட்டைக் கழுவிக்கொண்டு டார்க் ரூமுக்கு வந்தோம். சிவப்பு விளக்கையும் அணைத்தேன். மேடம் லூமினால் ஊற்றினார்.

பிலிம் தேவையே இல்லை. எங்கள் கண்ணுக்கே தெரிந்தது. கிருமி இருந்த குழிகள் மட்டும் வரிசை தவறி, அங்கொன்றும் இங்கொன்றுமாக, வானத்தில் நட்சத்திரம் மாதிரி நீலமாக நின்றன. மற்றவை இருட்டு. மேடம் என்னைக் கட்டிக்கொண்டார். நான் அழுதேனா சிரித்தேனா என்று யாரும் பார்க்கவில்லை. அது டார்க் ரூமின் வசதி. பிலிமில் மைப்பொட்டு மாதிரி கறுப்பு வட்டங்கள் விழுந்தன.

ஆனால் மேடம் நியாயக்காரர். "பெராக்ஸிடேஸுக்கு எதிரி இருந்த மாதிரி பாஸ்பட்டேஸுக்கும் ஏதாவது இருக்குமோ?" என்று யோசித்தார். இருந்தது. எங்கள் பஃபரே பாஸ்பேட் உப்பில் செய்தது. அந்த என்சைமின் வேலை பாஸ்பேட்டை வெட்டிவிடுவது. சுற்றிலும் பாஸ்பேட் கிடந்தால் அதற்குக் கை ஓடாது. டிரிஸ் என்ற வேறு உப்பில் கழுவிப் பார்த்தோம். அதுவும் நல்ல கறுப்பாக விழுந்தது!

இப்போது இரண்டு மணியும் ஒலிக்கின்றன. எதை எடுப்பது?

பாஸ்பட்டேஸ் முரட்டு ஆள். கரண்ட் போய் பிரிஜ் சூடானாலும் தாங்கும். பெராக்ஸிடேஸ் அவ்வளவு தாங்காது. சிதைந்த ரத்தத்தில் உள்ள சிவப்பும் லூமினாலை எரிய வைத்து ஏமாற்றும். இன்னொரு தடவை கழுவினால் அது போய்விடும். பாஸ்பட்டேஸுக்கு வேண்டிய திரவத்துக்குத் தோழியின் தயவு வேண்டும். லூமினால் மெட்ராசிலேயே கிடைக்கும். மேடம் இப்படி இரண்டு பக்கமும் அடுக்கிக்கொண்டே இருந்தார். முடிவுக்கு வர முடியவில்லை.

முடிவு செய்தது பைபாஸ் ரோடு.

பாஸ்பட்டேஸ் தட்டு பிலிம் மேல் உட்கார்ந்திருந்தது. அது ஏறி எரிய ஒரு மணி நேரம் போல வேண்டும். அதுவரை கதவு திறக்கக் கூடாது. பெட்டி செய்து மூடிப் பார்த்தோம். மூடி இடுக்கில் வெளிச்சம் கசிந்து பிலிம் கறுத்துக் கெட்டது. அதனால் டார்க் ரூமையே பூட்டிக்கொண்டு காத்திருந்தோம். அப்போது வெளியே பாண்டி அண்ணன் குரல்.

"மேடம்! பைபாஸ்ல லாரி மோதி ஒரு ஆளக் கொண்டாந்திருக்காக. தொடை எலும்பு. பிலிம் கழுவணும்!"

மேடம், "இன்னும் கொஞ்ச நேரம்ணே!" என்றார்.

"உங்க வெளக்கு சூடேறுறதுக்குள்ள அந்தாளு தொடை பூசணிக்கா ஆயிரும் மேடம். கத்துறது கேக்குதுல்ல?"

கேட்டது. மேடம் தட்டை எடுத்துக் கீழே வைத்தார். அன்றைய பரிசோதனை வீண். கதவைத் திறந்தார். பாண்டி அண்ணன் பிலிம் கேசட்டோடு உள்ளே பாய்ந்தார். நான் அந்தத் தொடை எலும்பைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, மூலையில் நின்றிருந்த மேடம் சொன்னார்:

"பெராக்ஸிடேஸ்தான் பேச்சி. ஊத்துன உடனே எரியும், சில நிமிஷத்துல பிலிம் ரெடி. இந்த ரூம் நமக்கு மட்டும் சொந்தமில்ல."

7. பெரிய டாக்டரின் குழாய்கள்

திருவிழா முடிந்து ஊர் அடங்கியது. நடந்ததை மேடம் சொன்னதால் பாஸ்பட்டேஸ் ஆர்டர் நின்றிருந்தது. பெரிய டாக்டர் எண் மட்டும் எழுதிய ரத்தக் குழாய்களைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். எதில் கிருமி உண்டு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். எல்லாம் ஊறி, கழுவி முடிந்ததும் டார்க் ரூமுக்கே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். டெவலப்பரில் பிலிமை விட்டேன். சிவப்பு வெளிச்சத்தில் மூவரும் தொட்டிக்கு மேல் குனிந்தோம்.

ஒரு புள்ளி எழுந்தது. இன்னொன்று. கொஞ்சம் தள்ளி மூன்றாவது.

"நிக்கட்டும்" என்றார் பெரிய டாக்டர். "ரெண்டுதான் நான் வச்சது. அது ரெண்டும் சரியா வந்திருச்சு. இந்த மூணாவது எப்படி வந்துச்சு?"

மேடம் பிலிமை ஹைப்போவில் முக்கி, லைட்டைப் போட்டுத் தூக்கிப் பார்த்து எண்ணைச் சொன்னார். பெரிய டாக்டர் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"அது நம்ம பேங்க்ல இருக்கிற பாட்டில். இன்னிக்கு மத்தியானம் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு எடுத்து வச்சிருக்காங்க. நல்ல ரத்தம்னு நெனச்சுத்தான் ஒரு குழாய் சேர்த்தேன்."

அவர் மேடத்தை நேராகப் பார்த்தார்.

"உன் டெஸ்ட் தப்பா, அந்த பாட்டில் தப்பா? நெஞ்சத் தொட்டுச் சொல்லும்மா. டெஸ்ட் தப்புன்னா ரூமு போகும். பாட்டில் தப்புன்னா..."

மேடம், சிதைந்த ரத்தமா என்று குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிதையவில்லை; மேலே தெளிந்த நீர் சிவப்பேறாமல் மஞ்சளாக இருந்தது. ஒரு தடவை கூடுதலாகக் கழுவினோமா என்று என்னைக் கேட்டார். "கழுவுனோம் மேடம்" என்றேன். கழுவிய தண்ணீர் அன்று காலையில் கலந்ததுதானா? ஆமாம். பக்கத்துக் குழிகளில் வெளிச்சம் கசிந்திருக்கிறதா? இல்லை, சுற்றிலும் பிலிம் சுத்தமாக இருந்தது.

"பாட்டில் தப்பு சார்" என்றார். "அந்தம்மாவுக்கு அத ஏத்த வேண்டாம்."

பெரிய டாக்டர் என்னைத் தாண்டி வெளியே போய் போனை எடுத்தார். "தியேட்டரா? அந்த பாட்டிலத் தொடாதீங்க. ஆபரேஷனத் தள்ளி வைங்க. வேற பாட்டில் நான் சொல்றேன்" என்றது எங்களுக்குக் கேட்டது.

பாட்டிலிலிருந்து புதிதாக எடுத்து மறுபடி செய்தோம். மறுபடியும் கறுப்பு. மெட்ராசுக்கும் அனுப்பினோம். அவர்கள் பதில் வந்தபோது அந்த அம்மா வேறு ரத்தத்தில் ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, வீட்டுக்கே போயிருந்தார். பதில்: கிருமி உண்டு. பெரிய டாக்டர் அதைப் படித்துவிட்டுத் தன்னுடைய ஓய்வு அறையைக் காலி செய்யச் சொன்னார். ஸ்கேன் மெஷின் அங்கே போனது. பெராக்ஸிடேஸ் ஆர்டர் அன்றே கிளம்பியது.

நான் பாதி நாள் டார்க் ரூம், பாதி நாள் லேப் என்று ஆனேன். அசைடு இல்லாததால் பஃபரைத் தினமும் காலையில் புதிதாகக் கலக்க வேண்டும். அது என் வேலை. அலுப்பான வேலைதான், ஆனால் ஒருநாளும் விட்டதில்லை.

இப்போது லேபுக்கு வரும் பிள்ளைகள் மெஷினில் எண்ணைப் பார்க்கிறார்கள். எந்த லேபிள், அதாவது எந்த மணி, சிறந்தது என்று கேட்கிறார்கள். தனியாகச் சிறந்தது என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு என்சைமுக்கும் ஒரு எதிரி உண்டு. அந்த எதிரி உங்கள் கழுவும் தண்ணீரிலேயே இருக்கலாம்; வேறு ஒரு லேபில் நல்ல பழக்கமாக இருந்ததாகவும் இருக்கலாம். என்சைமைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் அறையைச் சுற்றிப் பாருங்கள். பாட்டில்களில் என்ன கலந்திருக்கிறீர்கள், கரண்ட் எப்போது போகும், அந்த இடத்துக்கு உங்களைத் தவிர வேறு யார் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வெளிச்சம் வராத நாளில் குப்பியைக் குறை சொல்லாதீர்கள். முதலில் கேனைத் திறந்து பாருங்கள். அதற்கும் முன்னால், அதற்குள் என்ன இருக்கிறது என்று கேன் மேல் கொட்டை எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.